கிணற்றுக்குள் பாடியவர்

மார்ச் 3

மச்சான்,

ரசிகர் குழுவிலிருந்து என்னைத் தூக்கி எறிந்தது நீ. எறிந்த கையோடு போனிலும் என் எண்ணை அடைத்துவிட்டாய். உன் தங்கையின் போனிலிருந்து கூப்பிட்டாலும், என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாய். தபால்காரரை அடைக்க உன்னிடம் பொத்தான் ஏதும் இல்லையே! அதனால்தான் எத்தனையோ வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? 'தலைகீழ் ஏணி' இசைக்குழு போட்டது மொத்தமே மூன்று ஆல்பம். மூன்றில் எது பெரியது என்று இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறோம். இளசுகளுக்கு இரும்பும் தகரமும் அலறுகிற முதல் ஆல்பம் 'ஆணி'. எனக்கு இரண்டாவது, 'ஈரத்துணி'. உனக்கு மூன்றாவது. சாம்பல் நிற அட்டை, தலைப்பு கிடையாது, பாடியவர் பெயர் கிடையாது. ஆழத்திலிருந்து ஒரு கிழவன் வார்த்தையே இல்லாமல் பாடுகிற மாதிரி இருப்பதால் நாமே அதற்குக் 'கிணறு' என்று பெயர் வைத்தோம். இந்தச் சண்டையில்தான் நாம் சிநேகிதர்கள் ஆனோம். இந்தச் சண்டையைப் போட உன் வீட்டுக்கு வந்து வந்துதான் நான் உனக்கு மாப்பிள்ளையும் ஆனேன்.

இப்போது கிணறு மறுபதிப்பாக வந்திருக்கிறது. நம்மிடம் இருக்கும் தட்டு நாற்பத்திரண்டு நிமிடம் ஓடும். மறுபதிப்பு முப்பத்தொரு நிமிடம்தான். "பதினொரு நிமிடத்தை வெட்டித் தின்றுவிட்டார்கள்" என்று நீ கண்டன மனு எழுதி, குழுவில் கையெழுத்து வேட்டை நடத்துகிறாய். அடுத்த மாதம் வெளியீட்டு விழாவில், அந்த இசைக்குழுவின் முகத்துக்கு நேராகவே வாசிக்கப் போகிறாய். "கொஞ்சம் பொறு, வேகத்தைப் பார்க்கலாம்" என்று நான் ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இந்த நாடு கடத்தல்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபதிப்பைப் போட்டுக் கேட்டேன். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. நம் கிணற்றை யாரோ கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் பக்கம் வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு மூச்சும் அதில் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. உடனே கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் தட்டிலிருந்து எடுத்த நம் பழைய டேப்பையும் ஓடவிட்டேன். இரண்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கைகோத்துக்கொண்டே நடந்தன. நான் பல் கட்டுகிறவன். அச்சும் பல்லும் பொருந்துகிற சுகம் எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

யாரும் எதையும் வெட்டவில்லை. அந்தத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டியது. நாம் முப்பத்துமூன்றில் சுற்றவிட்டு, இருபது வருஷமாக மெய்மறந்து கேட்டிருக்கிறோம்.

தயவுசெய்து அந்த மனுவை வாசித்துவிடாதே. பாடினவர்களிடமே போய் "உங்கள் பாட்டு இது இல்லை" என்று சொன்னால், நாலு பேர் சிரிப்பார்கள். உன்னைப் பார்த்து நான் சிரிக்கலாம். மற்றவர்கள் சிரித்தால் எனக்குத் தாங்காது.

அடைக்கப்பட்ட மாப்பிள்ளை

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கோழியே கிளறியிருந்தால்கூட இதைவிட உருப்படியாக ஏதாவது எழுதியிருக்கும். என் தங்கச்சி முகத்துக்காகப் படித்து முடித்தேன்.

நாற்பத்தைந்தாம், முப்பத்துமூன்றாம்! கேட்கத் தெரியாதவனுக்குத் தட்டே கோணல். ஈரத்துணிக் கட்சிக்காரன் நீ. உனக்கு எல்லாம் துள்ள வேண்டும், மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். கிணற்றின் பொறுமை உனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. இப்போது அதையும் துள்ள வைத்துப் பார்க்கிறாய். கம்ப்யூட்டரில் இழுத்துவிட்டால் எருமைகூட வயலின் மாதிரிக் கத்தும். அதைக் கொண்டுவந்து என்னிடம் சாட்சி என்கிறாய்.

மனுவில் பாதிக் குழு கையெழுத்துப் போட்டாயிற்று. விழாவுக்கு இசைக்குழுவில் மிஞ்சியிருக்கும் இரண்டு பேரும் வருகிறார்களாம். வரட்டும். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று கேட்கத்தான் போகிறேன்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு லாரி நிறைய வந்து கிடந்தன. சலவை ஆலையில் பெரிய டிரம் சுற்ற ஆரம்பித்ததும் அதன் உறுமலோடு சேர்ந்து கிணற்றை முனகுவது என் வழக்கம். நேற்று முனக வரவில்லை. எல்லாம் உன்னால்தான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆலையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பு உடைந்து நான் எட்டு மாதம் கிடந்தேனே, அந்த வருஷம். மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து நடப்பேனா என்று டாக்டரே வாயைத் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். அவர்கள் தைரியம் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. அந்தக் கிழவன் ஒருவன்தான் எதுவும் சொல்லவில்லை. சும்மா பாடினான். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் தாங்க முடியாமல் விம்முவான் அல்லவா? பிறகு நீளமாக மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். அந்த இடம் வந்ததும் நானும் மூச்சை இழுப்பேன். இந்த வயதில் இவனே மறுபடி தொடங்குகிறான், நாமும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படித்தான் ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன்.

வேகம் தப்பு என்றால் அவன் இல்லை என்று அர்த்தம். அப்படி ஒருவன் பாடவே இல்லை என்று அர்த்தம். இதை யோசித்துப் பார்த்துத்தான் எழுதினாயா?

மனுவை வாசிக்கத்தான் போகிறேன்.

உன் மனைவியின் அண்ணன்

மார்ச் 14

மச்சான்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்த எட்டு மாதமும் உன் தங்கை தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்தாள். நானும் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து உன் நகத்தை வெட்டிவிட்டு, 'கிணறா' 'ஈரத்துணியா' என்று வாயாடிவிட்டுப் போனேன். உன் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் குழுவில் அத்தனை பேருக்கு முன்னால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நம் ரெக்கார்ட் பிளேயரை நினைத்துப் பார். பழைய சாமான் கடையில் இரண்டு பேருமாகக் காசு போட்டு வாங்கியது. வேகத்தை மாற்றுகிற குமிழ் வாங்கும்போதே இறுகிப்போயிருந்தது. நம்மிடம் இருந்த மற்ற தட்டெல்லாம் முப்பத்துமூன்று. அதனால் அதைத் திருக வேண்டிய தேவையே வரவில்லை. கிணறு அட்டையிலோ எந்த வேகமும் அச்சடிக்கவில்லை. அந்தத் தட்டு ஊரிலேயே நம்மிடம் மட்டும்தான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உன் அறையில் வைத்துத்தான் டேப் எடுத்துக் கொடுத்தாய். குழுவில் இருக்கிற அத்தனை பேருடைய கிணறும் உன் அறையில் தோண்டியதுதான், மச்சான்.

மறுபதிப்போடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. இதை நீ உட்கார்ந்துகொண்டு படி. பாடியது ஒரு பெண். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாடியது, அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்கி, தனியாக நின்று பாடியிருக்கிறாள். மற்றவர்கள் மேலே நின்று தொட்டியின் சுவரைத் தட்டியிருக்கிறார்கள். பாதாளத்தில் பெரிய கதவு சாத்துகிற சத்தம் என்று நீ பக்கம் பக்கமாக எழுதுவாயே, அது டம்ளரும் கரண்டியுமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் பெயர் வைத்தது தப்பில்லை, பார்த்தாயா? அவள் நிஜமாகவே ஒரு கிணற்றுக்குள்தான் நின்றிருக்கிறாள்.

இன்னொன்று. கிணறு ஓடினால் உன் தங்கை கதவைச் சாத்திக்கொள்வாள் என்பது உலகத்துக்கே தெரியும். நான் மறுபதிப்பைப் போட்ட அன்றைக்கு ஈரக் கையோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"உங்க அண்ணனோட கிணறுதான்."

"போங்க! அது அழும். இது சிரிச்சுக்கிட்டே இல்ல பாடுது?"

முடிகிற வரைக்கும் நகரவில்லை. கையில் இருந்த சோப்பு நுரை காய்ந்தேபோய்விட்டது.

மறுபதிப்பு புதுத் தட்டாகவும் வந்திருக்கிறது, அதையும் சிடியையும் சேர்த்து அனுப்புகிறேன். என் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம். அந்தப் புதுத் தட்டை முதலில் நம் பிளேயரில் போட்டுக் கேள். பிறகு சிடியைக் கேள். அதற்கப்புறம் நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மாப்பிள்ளை

மார்ச் 22

மாப்பிள்ளை,

புதுத் தட்டை நம் பிளேயரில் போட்டேன். கிழவன் வந்தான். முழுசாக வந்தான், நாற்பத்திரண்டு நிமிடமும். "எங்கேடா வெட்டு, ஒரு வெட்டும் இல்லையே!" என்று குதித்து, உன்னைத் திட்டுவதற்குத் தாளைக்கூட எடுத்துவிட்டேன். முதல் வரி எழுதும்போதுதான் உறைத்தது. வெட்டு இல்லை என்றால் நீ சொன்னதுதான் சரி.

சிடியை அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் கேட்டேன்.

அழகு, மாப்பிள்ளை. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவ்வளவு பெரிய இருட்டுக்குள் தனியாக இறங்கி நின்ற பெண்ணுக்கு எப்படி அவ்வளவு சந்தோஷம் வந்தது? தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுக் கேட்டு அவளே அசந்துபோகிறாள். நான் விம்மல் என்று நினைத்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அடக்கிக்கொண்டு மூச்சை இழுத்து மறுபடி பாடுகிறாள். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

கேட்டு முடித்ததும் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. அவள் யாரோ. நன்றாக இருக்கட்டும். நான் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது அவள் இல்லை. அப்படியென்றால் அது யார்? ஆளே இல்லாத நாற்காலியைப் பார்த்தா எட்டு மாதம் தைரியம் வாங்கிக்கொண்டேன்?

மனுவைக் கிழித்தாயிற்று. குழுவில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்போ நாம எல்லாரும் கிணற்றுத் தவளைங்களா?" என்று ஒரு இளசு கேட்டான். இப்போது குழுவின் படமாகப் பச்சைத் தவளை உட்கார்ந்திருக்கிறது. நானே அனுமதித்தேன். உன்னையும் திரும்பச் சேர்த்துவிட்டேன், போனையும் திறந்துவிட்டேன். ஆனால் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

விழாவுக்குப் போகப் போவதில்லை. யாரைப் பார்க்கப் போவது?

மச்சான்

மார்ச் 27

மச்சான்,

குழுவில் சேர்த்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். தவளைக்கு மட்டும் சொல்கிறேன்.

நீ போக வேண்டும். சண்டை போடப் போக இருந்தவனுக்கு, சும்மா போக என்ன கஷ்டம்?

பட்டறையில் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டே நீ கேட்ட கேள்வியைத்தான் நாலு நாளாக யோசிக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு நான் மறுபடியும் நம் டேப்பைக் கேட்டேன், அந்த மெதுவான கிணற்றை. உண்மை தெரிந்த பிறகு கேட்டால் பொம்மலாட்டக் கயிறு தெரிகிற மாதிரி இருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. கிழவன் அதே கிழவன்தான். எல்லாம் தெரிந்த பிறகும் கடைசி வரை கேட்டேன். இருபது வருஷமாக உன்னிடம் ஒப்புக்கொள்ளாததை இப்போது ஒப்புக்கொள்கிறேன், குழுவில் போட்டுவிடாதே: ஈரத்துணி இதற்குக் கீழேதான்.

அந்தப் பெண் எதையோ பாடினாள், உனக்கு வேறு எதுவோ வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு இறுகிப்போன குமிழ். இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பாடினவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், விழாவுக்கும் வருகிறார். யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் அவரிடம் கேள். நானும் வந்திருப்பேன். அந்த வாரம் முழுசும் ஒரு பெரியவருக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முடித்துக் கொடுத்தாக வேண்டும். அவர் பேத்தி கல்யாணத்தில் சிரிக்க வேண்டுமாம்.

உன் தங்கை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "அண்ணா, ஒழுங்கா போயிட்டு வா. நல்ல சட்டையா போட்டுக்கோ. ஊர் துணியெல்லாம் வெளுக்கற, உன் காலரைப் பாத்தா மட்டும் கண்ணை மூடிக்கணும் போல இருக்கு. எட்டு மாசம் நானும்தான் சோறு கொண்டுவந்தேன், என்னை ஒரு வரி எழுதினியா? பரவால்ல. போயிட்டு வந்து எழுது."

மாப்பிள்ளை

ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

போனேன். சட்டைக் காலர் சுத்தமாக இருந்தது என்று அவளிடம் சொல். அவள் சோற்றைப் பற்றி எழுதாதது என் தப்புதான். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

விழா என்றதும் மேடை, மாலை என்று நினைத்திருந்தேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீளமான அறை. மடக்கு நாற்காலிகள். மறுபதிப்புப் போட்ட கம்பெனி என்பதே ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான். அவர் ஒலிபெருக்கிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார், அந்த அம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களையா திட்டப் போனேன் என்று இருந்தது.

முன்வரிசையில் இரண்டு பேர். இரும்பு தட்டினவர் நன்றாகப் பேசுகிறார், கை நிற்பதே இல்லை, பேசும்போதும் முட்டியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் பாடினவர். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தெருவில் பார்த்தால் ரேஷன் வரிசையில் நிற்கிற யாரோ என்றுதான் நினைப்பாய். "அம்மாவுக்குத் தொண்டை சரியில்லைங்க. பாட்டை விட்டே ரொம்ப வருஷம் ஆச்சு. கேள்வி எல்லாத்தையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிணற்றைப் போட்டார்கள். சரியான வேகத்தில். நிறையப் பேரோடு உட்கார்ந்து கேட்பது வேறு மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை. டீ கிளாஸை யாரும் கீழே வைக்கவில்லை, சத்தம் வந்துவிடும் என்று. நான் பாட்டைக் கேட்கவில்லை, பாடின அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதுக் குரல் அறை முழுக்க நிறைந்து நிற்கிறது. அதைப் பாடினவர் தலையைக் குனிந்து, யாரோ ஒரு குழந்தை பாடுவதைக் கேட்பது போலக் கேட்கிறார். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் அவர் தோளும் குலுங்கியது.

கேள்வி நேரத்தில் எனக்கே தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு ஒன்றும் போகவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எங்க பிளேயர்ல குமிழ் மாட்டிக்கிச்சுங்க. இருபது வருஷமா இதைத் தப்பான வேகத்துல கேட்டுட்டோம். பாடினது யாரோ ஒரு வயசான ஆம்பளைன்னே நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்றேன். அறையே சிரித்தது. நீ பயந்த சிரிப்புதான். அது ஒன்றும் செய்யவில்லை. இரும்புக்காரர் முட்டியை ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். இரும்புக்காரர் மைக்கை எடுக்கப் போக, அவர் கையைத் தடுத்துத் தானே வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பெரியவர் நல்லாப் பாடினாரா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை, அது அவன் குரல்.

எனக்கு எதுவும் ஆகிவிடவில்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அதே ஆழம். அதே கரகரப்பு. மூச்சின் முடிவில் கொஞ்சம் தாழ்ந்து நிற்குமே, அதுவும் அதே. வயதும் வியாதியும் சேர்ந்து அவர் குரலை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கின்றன. நாம் ஒரு கெட்டுப்போன குமிழை வைத்துக்கொண்டு, நாற்பது வருஷம் கழித்து வரப்போகிற குரலைக் கேட்டிருக்கிறோம். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கிழவன் செத்துவிட்டான் என்று நான் அழுதேனே, நான் மல்லாந்து கிடந்தபோது அவன் இன்னும் பிறக்கவே இல்லை.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமே. நல்லாப் பாடினார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது வரவில்லை.

"எட்டு மாசம் என் பக்கத்துலயே இருந்தாரும்மா" என்றேன். "எழுந்து நடக்கிற வரைக்கும் போகலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைக் கையால் தட்டி, அந்தக் குரலிலேயே சொன்னார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. வாங்க, இப்படி வந்து உட்காருங்க."

நான் நடந்து போனேன்.

மச்சான்